போன சாயம் எங்கே போச்சு?

துணிக்கடையில் புடவையை உதறிப் பிரித்ததும் நம் வீட்டுப் பெண்கள் விலை கேட்பதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. ''ஏம்ப்பா... சாயம் போகுமா?''

கடைக்காரரும் சளைக்காமல், ''போகவே போகாதும்மா... கேரண்டி!'' என்பார்.

சாதாரணக் கேள்வி, சாதாரண பதில். ஆனால், இந்த 'கேரண்டி'க்குப் பின்னால் நூற்று அறுபது வருஷத்துக்கும் மேற்பட்ட ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பதினெட்டு வயசுப் பையன் வருகிறான். ஓர் அணை வருகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையின் கறுப்பு மணல் வருகிறது. கடைசியில், நம்ம சென்னை வெயிலும் வருகிறது!

கதையை ஆரம்பிக்க ரொம்ப தூரம் போகவேண்டாம். பல்லாவரத்தில் இறங்கி, பம்மல் வழியாக அனகாபுத்தூர் வரை ஒரு நடை போய் வரலாம், வாருங்கள்.

அனகாபுத்தூர் இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. 2021-ல்தான் சேர்த்தார்கள். ஊரை ஒட்டி ஓடுவது அடையாறு. 'அடையாறு என்றால் அடையாறில்தானே ஓடும்?' என்று நினைத்துவிடாதீர்கள். ஆதனூர் ஏரிப் பக்கம் புறப்பட்டு, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்து உபரித் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு, அனகாபுத்தூரைத் தொட்டு, விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று நகரைச் சுற்றிக்காட்டிவிட்டுத்தான் அது கடலுக்குப் போகிறது. அனகாபுத்தூரில் ஆற்றில் கலப்பது கோட்டூர்புரத்துக்கும் வந்து சேரும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குப் பிற்பாடு தேவைப்படும்.

அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். ஒரு காலத்தில் இங்கே தறிகளில் ஓடியது 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' எனும் கட்டம் போட்ட துணி. பேர்தான் கைக்குட்டை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கஜம் சதுரம்! நெய்தது நாம், உடுத்தியது மேற்கு ஆப்பிரிக்கா. நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் இந்த மெட்ராஸ் கட்டத்துக்கு 'இஞ்சிரி' என்று பேர் வைத்து, கல்யாணம், சாவு என்று முக்கியமான சடங்குகளிலெல்லாம் கட்டிக்கொண்டார்கள். நம் கிராமத்துத் தறியில் பிறந்த துணி, அங்கே குலப்பெருமையாகிவிட்டது!

பழைய மெட்ராஸ் துணிக்கு நிறம் கொடுத்தவை செடிகள். நீலத்துக்கு அவுரி. சிவப்புக்குச் சாயவேர்... பேரிலேயே தொழில் இருக்கிறது, பாருங்கள்! மஞ்சளுக்கு மஞ்சள். நிறம் நூலைப் பிடித்துக்கொள்ளப் படிகாரம். இதில் அவுரி நீலமும் சாயவேர்ச் சிவப்பும் நன்றாகவே நின்று பிடிக்கும். மஞ்சள் சுத்தமாக ஏமாற்றிவிடும். நாலு நாள் வெயிலில் உலர்த்தினால் போச்சு!

சாயம் போவதையே பெருமையாக விற்ற கதையும் உண்டு. 1958-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு ஜவுளி இறக்குமதியாளர், இங்கிருந்து பத்தாயிரம் கஜம் மெட்ராஸ் துணி வாங்கிப் போனாராம். 'பச்சைத் தண்ணியில் மெதுவா அலசணும்' என்று இங்கே எச்சரித்து அனுப்பியதை அங்கே எடுத்துச் சொல்ல மறந்துவிட்டாராம். நியூயார்க்கில் வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் போட, எல்லா நிறமும் ஒன்றோடொன்று கலந்து வழிய... ஒரே ரகளை! வக்கீல் நோட்டீஸ் வரை போன விவகாரத்தை விளம்பரக்காரர்கள் அப்படியே திருப்பிப் போட்டார்கள். 'ப்ளீடிங் மெட்ராஸ்... சாயம் போகும் என்பதற்கு கேரண்டி!' ஒவ்வொரு சலவையிலும் புது நிறம் காட்டும் அதிசயத் துணி என்று சொல்ல, அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். இப்படித்தான் அந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

ஆனால், அது ஒரு ஃபேஷன். உலகம் பொதுவாகக் கேட்டது வெளுக்காத சாயத்தைத்தான்.

இங்கேதான் அந்தப் பதினெட்டு வயசுப் பையன் வருகிறான். பேர் வில்லியம் பெர்க்கின். வருஷம் 1856. ஊர் லண்டன். மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவை நிலக்கரித் தாரிலிருந்து செயற்கையாகத் தயாரிக்க முயன்றுகொண்டிருந்தான். இந்தியா மாதிரி கொசு நிறைந்த நாடுகளை ஆள வந்த வெள்ளைக்காரர்களுக்கு அப்போது கொய்னா உயிர் காக்கும் சரக்கு. கொய்னா கிடைக்கவில்லை. குடுவையின் அடியில் கிடைத்தது கறுப்பாக ஒரு பிசுக்கு. அதை ஆல்கஹாலில் கரைத்துப் பார்த்தால்... கண்ணைப் பறிக்கும் ஊதா! பட்டுத் துணியை நனைத்தான். துவைத்தும் போகவில்லை. வெயிலில் போட்டும் போகவில்லை. உலகின் முதல் பெரிய செயற்கைச் சாயமான 'மாவ்' பிறந்தது இப்படித்தான்.

அதற்குப் பிறகு கதை ஓட்டமெடுத்தது. 1858-ல் பீட்டர் கிரீஸ் கண்டுபிடித்த ஒரு வேதிவினையிலிருந்து 'அசோ' சாயங்கள் என்ற பெரிய குடும்பமே கிளம்பியது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து ஒரு பாலம் போடும். பாலத்தின் இரு கரையிலும் பென்சீன் வளையங்கள். இன்று உலகம் பயன்படுத்தும் சாயங்களில் பாதிக்கு மேல் இந்தக் குடும்பம்தான். 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொஞ்ச வருஷத்திலேயே நம்மூர் அவுரி வியாபாரம் படுத்துவிட்டது.

1956-ல் வந்தது கடைசி அடி. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 'ரியாக்டிவ்' சாயங்களைக் கொண்டுவந்தது. அதுவரை சாயம் நூலின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. இதுவோ பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்ளும். ஒட்டிக்கொள்வதற்கும் தாலி கட்டிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம்! உங்கள் பீரோவில் இருக்கும் பளிச்சென்ற பருத்திச் சட்டை, சுடிதார், டி-ஷர்ட்களில் பல இந்த ரகம்தான்.

இதில் ஒரு சிக்கல். முகூர்த்தத்துக்கு வந்த எல்லாச் சாயமும் துணியைக் கட்டிக்கொள்வதில்லை. சாயத்தைப் பொறுத்து, பத்துப் பங்கில் ஒன்று முதல் நாலு, ஐந்து பங்கு வரைகூட, தண்ணீரோடு சேர்ந்துவிட்டு வீணாகிப்போகும். சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுவதற்காகக் கொட்டும் உப்பும், பிணைப்புப் போடுவதற்கான சோடாவும் அதே தண்ணீரில். துணியை அலசி அலசிக் கொட்டுகிறார்களே, அந்த வண்ணத் தண்ணீர் இதுதான். வெயில், சோப்பு, வியர்வை எதற்கும் அசையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த சரக்கு, ஆற்றில் விழுந்ததும் மட்டும் கரைந்து மறைந்துவிடுமா? அங்கேயும் அது கேரண்டியைக் காப்பாற்றத்தான் செய்யும்! செடியையும் சாணத்தையும் தின்று செரிக்கும் கிருமிகளுக்கு இந்த அசோ பாலம் பழக்கமில்லாத சாப்பாடு. லேசில் கடிபடாது.

கைத்தறி ஊரில் நாலு தொட்டிச் சாயம் ஓடினால் பெரிசாகத் தெரியாது. ஊரே சாயத் தொட்டியானால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் காட்டியது. நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டினார்கள். 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. மேலே இருந்த நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள், சலவைப்பட்டறைகளின் கழிவு அதில் வந்து தேங்கியது. சில வருஷத்தில் விவசாயிகளே, 'ஐயா, தயவுசெய்து இந்தத் தண்ணியைத் திறந்துவிடாதீங்க' என்று கெஞ்சும் நிலை. அணை கட்டியதே தண்ணீருக்காக... தண்ணீரே வேண்டாம் என்கிறான் விவசாயி! வழக்கு வருஷக் கணக்கில் நடந்தது. கடைசியில், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு பக்கம் பாழான நிலம்; மறுபக்கம் வேலை போன தொழிலாளி. எந்தப் பக்கம் நின்றாலும் மனசு கனக்கும் நிலைமை.

'சரி, சாயத்தை உடைக்க வழியே இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது!

வெள்ளை பெயின்ட் அடித்த பழைய கேட், வெயில் படும் ஜன்னல்... விரலால் தடவினால் வெள்ளையாக மாவு ஒட்டும், கவனித்திருக்கிறீர்களா? வெள்ளை பெயின்ட்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற பொடி. அதன் மூலப்பொருளான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் கொட்டிக்கிடக்கிறது. கறுப்பு மணலிலிருந்து உலகிலேயே பளிச்சென்ற வெள்ளை! இந்தப் பொடி வெயிலில் சும்மா இருப்பதில்லை. தன்னைச் சுற்றியிருக்கும் பெயின்ட் பிசினை மெதுவாக அரித்துவிடுகிறது. பிசின் போனதும் பொடி கையோடு வருகிறது. பெயின்ட் கம்பெனிக்காரர்களுக்கு இது தலைவலி. இதனால்தான் பெயின்ட்டுக்கான பொடிமேல் வேறு பொருள்களைப் பூசி அடக்கிவைக்கிறார்கள்.

1938-லேயே லண்டனில் குடீவ், கிட்ச்னர் என்ற இரு விஞ்ஞானிகள், இந்தப் பொடியோடு சாயத்தைச் சேர்த்துப் புறஊதா ஒளி காட்டினால் சாயம் வெளுக்கிறது, பொடி மட்டும் அப்படியே இருக்கிறது என்று எழுதிவைத்தார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1967-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா ஃபுஜிஷிமா என்ற ஆராய்ச்சி மாணவர், டைட்டானியம் டை ஆக்ஸைடு படிகத்தைத் தண்ணீரில் வைத்து ஒளி பாய்ச்சினார். குமிழ் குமிழாக வாயு! ஒளியின் பலத்தில் தண்ணீர் ஆக்ஸிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் உடைந்துகொண்டிருந்தது. தன் பேராசிரியர் ஹோண்டாவோடு சேர்ந்து 1972-ல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய கட்டுரை உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. தண்ணீரையே உடைக்கும் பொடி, தண்ணீரில் கலந்த விஷத்தை உடைக்காதா? அடுத்த சில வருஷங்களில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பல நாட்டு விஞ்ஞானிகள் கிளம்பிவிட்டார்கள்.

எப்படி உடைக்கிறது? பழைய சினிமா தியேட்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழே தரை டிக்கெட்டில் எலெக்ட்ரான்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. மேலே பால்கனி காலி. கீழேயிருந்து மேலே தாவ ஒரு குறிப்பிட்ட டிக்கெட் காசு வேண்டும். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அவ்வளவு காசு இல்லை. புறஊதா ஒளியிடம் இருக்கிறது. அது பட்டதும் ஓர் எலெக்ட்ரான் பால்கனிக்குத் தாவும். கீழே ஒரு ஸீட் காலி!

அந்தக் காலி ஸீட் ஒரு பேராசைக்காரன். பக்கத்தில் இருக்கும் தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கும். பறிகொடுத்த தண்ணீர், 'ஹைட்ராக்ஸில்' என்ற ரௌடியாக மாறும். மேலே போன எலெக்ட்ரான் சும்மா இருக்குமா? தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைப் பிடித்து இன்னொரு ரௌடியைத் தயார் செய்யும். ஹைட்ராக்ஸிலுக்கு ஆயுசு கண் இமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால், அதற்குள் எதிரே எது வந்தாலும் அடி! அசோ பாலம் நொறுங்கும். நிறம் போகும். அடி தொடர்ந்தால் பென்சீன் வளையங்களும் சிதைந்து, கடைசியில் கார்பன் டை ஆக்ஸைடு, தண்ணீர், கொஞ்சம் எளிய உப்புகள் மட்டும் மிஞ்சும். கல்யாணத் தரகர் மாதிரி, எல்லாவற்றையும் நடத்திவைத்துவிட்டுத் தான் மட்டும் மாறாமல் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடும் பொடி. இதைத்தான் 'ஒளி வினையூக்கம்' என்கிறார்கள்.

இதில் நானோ எங்கே வந்தது? அடிதடி நடப்பது பொடியின் மேற்பரப்பில் மட்டும்தான். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சர்க்கரைக் கட்டி மாதிரி ஒரு துண்டை எடுத்தால், மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதையே பத்து நானோமீட்டர் பக்கமுள்ள துணுக்குகளாக வெட்டிவிட்டால், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால் இரண்டரை கிரவுண்டுக்கும் மேலே! கையில் அடங்கும் ஒரு துண்டுக்குள் இரண்டரை கிரவுண்ட் மனை. போதாததற்கு, துகள் சிறிசாக இருந்தால் பால்கனிக்குப் போன எலெக்ட்ரான் திரும்பிக் கீழே விழுவதற்குள் வெளிவாசலுக்கு வந்துவிடும்.

இப்போது அடையாற்றுக்குத் திரும்புவோம். அனகாபுத்தூரைத் தாண்டிய தண்ணீர் கோட்டூர்புரத்துக்கு வருகிறது என்றேன் அல்லவா? அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அண்ணா பல்கலைக்கழகம். அதன் வேதியியல் துறை ஆராய்ச்சியாளர்கள் ஜவுளிச் சாயங்களை இந்தப் பொடிகளோடு கலந்து, லண்டன், டோக்கியோக்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு சரக்கைக் கொண்டு சோதித்தார்கள். நம்ம ஊர் வெயில்! 2002-ல் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று ரியாக்டிவ் சாயங்களில் நடந்த சோதனை வெளியானது. 2003-ல் 'ஆசிட் பிரவுன் 14' என்ற அசோ சாயத்தில், டைட்டானியம் டை ஆக்ஸைடையும் துத்தநாக ஆக்ஸைடையும் மோதவிட்டார்கள். வெயிலில் ஜெயித்தது துத்தநாக ஆக்ஸைடு... வேர்க்குருவுக்குத் தடவும் கலமைன் லோஷனில் இருக்கிறதே, அதேதான்! உலகம் முழுக்க இந்தத் துறைக்காரர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் ஆய்வு அது.

'அப்புறம் என்ன? எல்லாப் பட்டறைக்கும் ரெண்டு மூட்டை பொடியைக் கொடுத்துவிட வேண்டியதுதானே!'

அவசரப்படாதீர்கள். சிக்கலையும் அதே ஆராய்ச்சிகள்தான் சொல்கின்றன. சாயத் தண்ணீர் அடர்த்தியாக இருந்தால் ஒளி உள்ளேயே நுழையாது. வெயிலில் புறஊதா நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான். பட்டறைத் தண்ணீரில் இருக்கும் உப்பும் சோடாவும் அந்த ரௌடிகளைத் திசைதிருப்பி வேலையை மந்தமாக்கிவிடும். துத்தநாக ஆக்ஸைடு, தண்ணீரில் அமிலம் கூடினால் கரைந்தே போகும். நானோ பொடியைத் தண்ணீரிலிருந்து மறுபடி வடித்தெடுப்பது பெரும்பாடு. விட்டுவிட்டால் அதுவே ஆற்றுக்குப் புதுக் குப்பை. எனவேதான் கண்ணாடி மணிகளில் பூசிப்பார்க்கிறார்கள், காந்தத்தால் இழுக்கும்படி இரும்பு ஆக்ஸைடோடு சேர்த்துப்பார்க்கிறார்கள். ஆய்வுக்கூடக் குடுவையிலிருந்து ஆலைத் தொட்டி வரையிலான தூரம் இன்னும் முழுசாகக் கடந்தபாடில்லை.

இவற்றைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. நிறம் போய்விட்டால் விஷம் போய்விட்டது என்று அர்த்தமில்லை! அசோ பாலம் உடைந்ததும் தண்ணீர் வெளுத்துவிடும். உடைந்த துண்டுகள் இன்னும் உள்ளே இருக்கும். சில சாயங்களின் துண்டுகள் புற்றுநோய் தரக்கூடிய அமீன்கள். கடைசிவரை அடித்துத் துவைத்தால்தான் அவையும் சாகும். பாதியில் நிறுத்தினால், கண்ணுக்குத் தெரிந்த எதிரியைக் கண்ணுக்குத் தெரியாத எதிரியாக மாற்றியதுதான் மிச்சம். அனகாபுத்தூர்க்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். பக்கத்தில் பம்மல், நாகல்கேணிப் பகுதியில் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீரில் குரோமியம் இறங்கிய கதையை அவர்கள் பார்த்தவர்கள். குவளையில் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும்.

உப்பு? அதை எந்த ஒளியாலும் உடைக்க முடியாது. ஒரத்துப்பாளையத்து வயல்களைக் கொன்றதில் பெரும்பங்கு சாயத்தோடு வந்த அந்த உப்புக்குத்தான். திருப்பூரில் இப்போது ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகக் கூடாது என்று சவ்வு வைத்து வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைத் திரும்ப எடுக்கிறார்கள். கிருமித் தொட்டியும் சவ்வும் செய்யும் இந்த வேலைக்கு நடுவே, கிருமிகள் கடிக்க முடியாத சாயத்தை உடைத்துக்கொடுக்கும் ஆளாக நானோ பொடி வரலாம். அது தனி ஹீரோ அல்ல, நல்ல துணை நடிகர்!

அனகாபுத்தூர் என்ன ஆனது என்று சொல்லாமல் முடித்தால் நியாயமில்லை. 1970களில் நைஜீரியச் சந்தை கைநழுவியது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மிஞ்சிய நெசவாளர்கள் சிலர் வாழைத்தண்டைப் பிரித்து நார் எடுத்தார்கள். சணல், அன்னாசி, கற்றாழை, மூங்கில் என்று போய், 25 வகை இயற்கை நாரை ஒரே புடவையில் நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் பிடித்தார்கள். செடிச் சாயங்களுக்கும் திரும்பினார்கள். ஊருக்கெல்லாம் சட்டை போட அது போதாது. நூற்று நாற்பது கோடிப் பேருக்கு வாழைநாரும் சாயவேரும் எங்கே போவது? ஆனால், தொட்டியில் மிஞ்சுவதை ஆறு தாங்குமா என்று சாயம் கலக்கும் முன்பே யோசிக்க முடியும் என்பதை அந்தச் சின்ன ஊர் நெய்து காட்டியிருக்கிறது.

பெர்க்கினின் ஊதாவிலிருந்து இன்றுவரை சாயம் போடுகிறவர்களிடம் நாம் கேட்டது ஒரே ஒரு வரம்தான்... வெளுக்கவே கூடாது. கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். அதை வெளுக்கவைக்கத்தான் இப்போது வெயிலையும் கடற்கரை மணலையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்!

ஆகவே, அடுத்த தடவை புடவை எடுக்கப் போகும்போது, 'சாயம் போகுமா?' என்று தாராளமாகக் கேளுங்கள். 'போகவே போகாது' என்று அவர் சொன்னதும், கூடவே இன்னொரு கேள்வியையும் போட்டுவையுங்கள். ''சரிப்பா... துணியில ஒட்டாமப் போன சாயம் எங்கே போச்சு?''